விழுங்காமல் பிடித்துவைக்கும் செல்கள்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். அங்கே வீங்கியிருப்பது நிணநீர்க் கணு. உடலெங்கும் சுமார் 600 கணுக்கள் இருக்கின்றன. ஆன்டிபாடி சுரக்கும் பி செல்கள் கூட்டமாகத் தங்கும் இடங்கள் இவை. காலில் நுழைந்த கிருமியைக் கணுவுக்குள் திரியும் பி செல்லிடம் யார் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்?

நோய் எதிர்ப்பின் இன்னொரு வகைச் செல்களான டி செல்களுக்குக் காட்டுவது டென்ட்ரிட்டிக் செல்கள். அவை கிருமியை விழுங்கி, நறுக்கி, துணுக்குகளை மட்டும் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். 1973-இல் இவற்றை அடையாளம் காட்டிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நறுக்கிய துணுக்கு பி செல்லுக்கு உதவாது. அதன் ஆன்டிபாடி நாளை ரத்தத்தில் சந்திக்கப்போவது முழு வைரஸை. எனவே வைரஸ் உருக்குலையாமல் அதன் முன்னே வந்தாக வேண்டும்.

2007-இல் பாஸ்டனில் உல்ரிச் ஃபான் ஆண்ட்ரியான் குழுவினர் இதை நேரில் பார்த்தார்கள். கால்நடைகளுக்கு வாய்க்கொப்புளம் உண்டாக்கும் வைரஸின் ஒளிரும் துகள்களைச் சுண்டெலியின் பாதத்தில் செலுத்தி, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் கணுவை நுண்ணோக்கியில் கவனித்தார்கள். சில நிமிடங்களில் கணுவின் மேலுறைக்கு அடியிலேயே வைரஸ் சிக்கிக்கொண்டது. நிணநீர் வந்து பரவும் அந்த ஒடுங்கிய இடைவெளியின் தரையில் மேக்ரோஃபேஜ்கள் பதிந்து கிடக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்றாலே அகப்பட்டதை விழுங்கிச் செரிப்பது என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். இங்கே இருப்பவற்றுக்குச் செரிக்கும் திறன் குறைவு. வைரஸைத் தம் உடலின் மேல் ஒட்டவைத்து, தரையைத் தாண்டி மறுபக்கம் நகர்த்தி, அங்கே ஊர்ந்து செல்லும் பி செல்களிடம் நீட்டுகின்றன. இந்த மேக்ரோஃபேஜ்களை அழித்துவிட்டுப் பார்த்தபோது பி செல்கள் சரியாகத் தூண்டப்படவில்லை. ரத்தத்தில் வைரஸும் பெருகியது.

அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜேசன் சிஸ்டர் குழு கண்டது எனக்கு இன்னும் வியப்பூட்டுகிறது. தனக்குப் பொருந்தாத ஆன்டிஜெனையும் (ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் அயற்பொருளை இப்படிச் சொல்வார்கள்) பி செல் வாங்கிக்கொள்கிறது, அது ஆன்டிபாடியோடு பிணைந்து வந்தால். அடுத்த வீட்டுத் தபாலைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பவரைப் போல, அதைக் கணுவின் உட்பகுதிக்குச் சுமந்து சென்று ஃபோலிக்குலர் டென்ட்ரிட்டிக் செல்களிடம் ஒப்படைத்துவிடுகிறது.

பெயர் ஒத்திருந்தாலும் ஸ்டைன்மன் கண்ட செல்களுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. 1960-களிலேயே மெல்பர்னில் குஸ்டாவ் நாசலும் கார்டன் அடாவும் கதிரியக்கம் ஏற்றிய ஆன்டிஜென் கணுவின் இந்தப் பகுதியில் வாரக்கணக்கில் தங்குவதைக் கண்டிருந்தார்கள். அது சிதையாமல் இருப்பது எப்படி என்பது 2013-இல் ஓரளவு தெளிவானது: இந்தச் செல்கள் ஆன்டிஜெனை அவ்வப்போது உள்ளே இழுத்துப் பத்திரப்படுத்தி, மீண்டும் மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. எச்ஐவி வைரஸும் இதே இடத்தில் மாதக்கணக்கில் வீரியம் குன்றாமல் ஒட்டியிருக்கும் என்பது இதன் கொடிய பக்கம்.

பொருத்தமான பி செல் வந்து சேர்ந்ததும் அது ஆன்டிஜெனைத் தன் பலத்தால் பிடுங்குகிறது. லண்டன் ஆய்வாளர்கள் இதையும் 2013-இல் காட்டினார்கள். பிடி தளர்வாக இருந்தால் இழுக்கும்போதே நழுவிவிடும். கெட்டியாகப் பற்றியது மட்டும் கையோடு வரும். பிடுங்கியதை உள்ளே நறுக்கி டி செல்லிடம் காட்டி உதவி பெறுகிறது பி செல். அதிகம் பிடுங்கியதற்கு அதிக உதவி. இந்தப் போட்டி திரும்பத் திரும்ப நடப்பதால்தான் ஆன்டிபாடியின் பிடி நாளுக்கு நாள் இறுகுகிறது.

கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டவர்களின் அக்குள் கணுவில் ஊசி செலுத்தி மாதிரி எடுத்துப் பார்த்த செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள், இரண்டாவது ஊசிக்கு 12 வாரங்களுக்குப் பிறகும் இந்தப் போட்டி ஓயவில்லை என்று 2021-இல் தெரிவித்தார்கள். வேறொரு ஆய்வில், தடுப்பு மருந்தை ஒரே நாளில் செலுத்தாமல், அளவைக் கூட்டிக்கொண்டே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, குரங்குகளில் இந்தப் போட்டி ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தது. எச்ஐவிக்குத் தடுப்பூசி தேடுபவர்கள் இப்போது இந்த வழியை மிகுந்த ஆர்வத்தோடு ஆராய்ந்துவருகிறார்கள்.