பை-ஹோல் போட்ட பிறகும் அம்மா போன்ல விளம்பரம் வருதா?

பழனிசெட்டிபட்டியிலும் தேனியிலும் நண்பர்கள் சிலர் வீட்டில் ராஸ்பெர்ரி பை வாங்கிவைத்து அதில் பை-ஹோல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி போன் வரும். "லேப்டாப்ல விளம்பரம் நின்னுருச்சுப்பா, அம்மா போன்ல மட்டும் வந்துக்கிட்டே இருக்கு." உண்மையில் இந்தப் பெட்டி தேவைப்பட்டதே அம்மா போனுக்குத்தான். லேப்டாப்காரருக்கு விளம்பரம் வெறும் தொல்லை. 'உங்கள் போனில் வைரஸ்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் பக்கத்தை நம்பி எதையாவது இறக்கிக்கொள்வது வீட்டுப் பெரியவங்கதான். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

டி.என்.எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது, அடிப்படையில் இன்றும் அதேதான். பை-ஹோல் இந்த வழிசொல்லும் வேலையை வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. விளம்பர சர்வரின் பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று பதில் சொல்லிவிடும். போகிற இடமே இல்லை, விளம்பரமும் வராது.

கவனிக்க வேண்டியது, இது எதையும் வழிமறிப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று வழி சொல்லும் ஆள் மாதிரி. அவரிடம் கேட்பவருக்குத்தான் "அப்படி ஒரு கடையே இல்லை" என்று சொல்ல முடியும். வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு போகிறவரை அவர் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் கேள்வி, இந்த போன் யாரிடம் கேட்கிறது?

பை-ஹோலில் கேள்விப் பதிவேடு இருக்கிறது. அம்மா போனில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்துவிட்டு, அந்த போனின் முகவரியில் வரிகள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒரு கதை, ஓடாவிட்டால் வேறு கதை. இதைப் பார்க்காமலேயே தடைப்பட்டியலில் இன்னும் ரெண்டு லட்சம் பெயரைச் சேர்க்கிறவர்கள்தான் அதிகம். கேட்காத போனுக்கு எத்தனை லட்சம் சேர்த்து என்ன பயன்?

வரிகள் ஓடவில்லை என்றால், முதலில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். ரூட்டரில் நீங்கள் செய்த மாற்றம் பழைய இணைப்புக்குத் தெரியாது. அடுத்து ரூட்டரில் இரண்டாவது டி.என்.எஸ் கட்டம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அதில் 8.8.8.8 போட்டிருப்பார்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்பது நம்முடைய நினைப்பு. கருவிகள் அப்படி வரிசை பார்ப்பதில்லை, எதை வேண்டுமானாலும் கேட்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது அதிலும் பை-ஹோல் முகவரியையே போடுங்கள்.

நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் நான் பெரும்பாலும் கண்ட காரணம் இதுவும் அல்ல, ஐ.பி.வி6. ரூட்டரின் ஐ.பி.வி4 பக்கத்தில் பை-ஹோல் முகவரியை ஒழுங்காகப் போட்டிருப்பீர்கள். ஐ.பி.வி6 பக்கம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் வழியாக ரூட்டர் தன்னையோ, நிறுவனத்தின் டி.என்.எஸ்ஸையோ எல்லா போனுக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. சிலர் டி.எச்.சி.பி.வி6ஐ அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆண்ட்ராய்டு டி.எச்.சி.பி.வி6 மூலம் டி.என்.எஸ் வாங்குவதே இல்லை. ரூட்டர் விளம்பரம் என்கிற அறிவிப்பிலிருந்துதான் எடுக்கிறது. (பெயரிலும் விளம்பரம்! என்ன செய்ய.) அந்த அறிவிப்பில் உள்ள டி.என்.எஸ்ஸை மாற்ற வேண்டும். இணைப்போடு கொடுக்கிற ரூட்டர்கள் பலவற்றில் அந்த இடம் பூட்டியிருக்கும். அப்போது ரெண்டே வழி. வீட்டு வலைக்குள் ஐ.பி.வி6ஐ அணைப்பது, அல்லது சொந்த ரூட்டர் ஒன்றைப் பின்னால் மாட்டுவது. ஐ.பி.வி4 பக்கமும் பூட்டியிருந்தால் ரூட்டரின் டி.எச்.சி.பியை நிறுத்திவிட்டு பை-ஹோலையே அந்த வேலையைப் பார்க்க வைக்கலாம்.

போனுக்குள்ளும் ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு 9இலிருந்து, அதாவது 2018 முதல், 'தனிப்பட்ட டி.என்.எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. தானியங்கி என்று இருந்தால் பயமில்லை, ரூட்டர் சொன்ன ஆளிடமே கேட்கும். அதில் ஒரு பெயர் எழுதியிருந்தால்தான் பை-ஹோலைத் தாண்டிப் போகும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் 'பாதுகாப்பான டி.என்.எஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். டி.வி.யோடு ஒட்டும் சில கருவிகள் யார் சொன்னாலும் கேட்காமல் 8.8.8.8இடமே போகும். அவற்றை ரூட்டரின் தடுப்பரணில்தான் திருப்ப முடியும்.

இனி, வரிகள் ஓடுகின்றன, ஆனாலும் விளம்பரம் வருகிறது என்றால்? யூடியூப் என்றால் தேடுவதை நிறுத்திவிடலாம். படம் வருகிற அதே சர்வர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. டி.என்.எஸ்ஸுக்குப் பெயர்தான் தெரியும், உள்ளே என்ன போகிறது என்று தெரியாது.

தடுப்பது வேலை செய்யத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வரும். கூகுளில் தேடி முதலில் வரும் 'ஸ்பான்சர்' இணைப்பைத் தங்கை தொடுவாள், திறக்காது. "நெட்டு போயிருச்சு" என்பாள். அது விளம்பர சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் இணைப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? 2017 ஆகஸ்டில் திரைப்படத் திருட்டுப் பதிப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஆணையில் 2,600க்கும் மேற்பட்ட தளங்களோடு இணைய ஆவணக் காப்பகமும் சேர்ந்து முடங்கியது. பழைய பக்கங்களைத் தேடிய நம்மைப் போன்றவர்கள் காரணம் புரியாமல் விழித்தோம். வீட்டுக்குள் அதே அதிகாரம் இப்போது உங்கள் கையில். பை-ஹோலை ஐந்து நிமிடம் நிறுத்துகிற பொத்தானை வீட்டில் இன்னொருவருக்காவது காட்டிக் கொடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது மின்கட்டணம் கட்டுகிற பக்கம் நின்றுபோனால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்?

கரண்ட் விஷயமும் அப்படித்தான். ரூட்டர் யு.பி.எஸ்ஸிலும் ராஸ்பெர்ரி பை சாதா பிளக்கிலும் இருந்தால், கரண்ட் போனதும் வைஃபை முழுசாகக் காட்டும், ஒன்றும் திறக்காது. திடீர் திடீரென்று மின்சாரம் போனால் அதன் மெமரி கார்டும் கெடும். இரண்டையும் ஒரே யு.பி.எஸ்ஸில் மாட்டுங்கள்.

அம்மா போனுக்கு என் யோசனை வேறு. அவங்க பெரியகுளம் போனாலும் கம்பம் போனாலும் மொபைல் டேட்டாதான், பை-ஹோல் கூட வராது. அதனால் அந்த போனில் மட்டும் தனிப்பட்ட டி.என்.எஸ்ஸில் விளம்பரம் தடுக்கிற பொதுச் சேவை ஒன்றின் பெயரை எழுதிவிடுகிறேன், ஆட்கார்ட் அப்படிப்பட்ட ஒன்று. வீட்டுக்கு வந்தாலும் அந்த போன் பை-ஹோலைக் கேட்காது, பதிவேட்டில் அதன் வரியே இருக்காது. இருக்காமல் போகட்டும்.