நகம் பட்ட இடமெல்லாம் சுவிட்ச்

1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் காசநோய் மருத்துவமனையில், நெஞ்சின் ஒலியைக் காட்டிக்கொடுத்தது ஸ்டெதாஸ்கோப். 2008-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஹாரிசனும் ஸ்காட் ஹட்சனும் அதே போன்றதொரு ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு மைக்கைப் பொருத்தி, மேசையிலும் சுவரிலும் வைத்தார்கள். நகத்தால் கீறும் விதத்தைக் கேட்டே கட்டளை எதுவென்று கணினி கண்டுகொண்டது. பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது முறை சரியாக.

தாம்பரத்தின் ஜிஎஸ்டி சாலை இரைச்சலிலும் மின்சார ரயில் அதிர்விலும் இந்த உத்தி எடுபடுமா? எடுபடும் என்றே நினைக்கிறேன். நகக் கீறலின் ஒலி பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல். பேச்சும் வண்டிகளின் உறுமலும் பெரும்பகுதி அதற்குக் கீழே. தாழ்ந்த ஒலிகளை வடிகட்டினால் கீறல் தனித்து நிற்கும். மரம் போன்ற திடப்பொருளில் ஒலி காற்றைவிட நன்றாகவே பயணிக்கிறது. எங்கே கீறினோம் என்பதை ஒற்றை மைக்கால் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் படுத்திருக்கும் முதியவர் ஃபேனை நிறுத்த இடம் தெரிய வேண்டியதில்லையே! இருட்டில் சுவிட்சைத் துழாவாமல், மைக் பொருத்திய கட்டில் சட்டத்தில் விரல் எட்டிய இடத்தில் ஒருமுறை கீறினால் போதும்.