சொட்டும் வால்வை அடைக்காதே! குளிர் தேசத்து வீடுகளில் வெந்நீர் பாய்லர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மசாசூசெட்ஸ் மாநிலம். பாஸ்டன் நகரம் அங்குதான் உள்ளது.

அங்கே டிசம்பர் பிறந்துவிட்டால் குளிர் நடுக்கும். ஜனவரி மாத இரவுகளில் வெளியே வைத்த தண்ணீர் கல்லாக உறைந்துவிடும். வாசல் எல்லாம் பனி மூடிக்கிடக்கும்.

அந்தக் குளிரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

வீட்டையே சூடாக்கிக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அந்த வேலையைச் செய்வது ஒரு பாய்லர்!

நம் ஊரில் பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர் போடும் செம்புப் பாய்லர்தான் நினைவுக்கு வரும். இது வேறு. இந்தப் பாய்லரின் குழாய்களில் ஓடும் வெந்நீரை யாரும் குளிக்க எடுப்பதில்லை. வீட்டைச் சுற்றி வருவதுதான் அதன் வேலை.

சுற்றி வரும் தண்ணீர்

தரைமட்டத்துக்குக் கீழே ஒரு நிலவறை. அங்கே வார்ப்பிரும்புப் பாய்லர் நிற்கும். எண்ணெய் அல்லது எரிவாயு அதில் எரியும்.

தண்ணீர் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாகும். ஒரு சிறிய பம்பு அதைக் குழாய் வழியாக மாடிக்குத் தள்ளும். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்கு அடியிலோ, சுவர் ஓரத்திலோ "ரேடியேட்டர்" என்ற இரும்புச் சாதனம் இருக்கும். வெந்நீர் அதனுள் புகுந்து, அறைக்குச் சூட்டைக் கொடுக்கும். பிறகு ஆறிப்போய்ப் பாய்லருக்கே திரும்பும்.

ஒரே தண்ணீர்தான் மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. ஒழுக்கு இல்லாவிட்டால் அதே தண்ணீர் பல ஆண்டுகள் இருக்கும்.

இந்தப் பாய்லர் நடுக்குளிரில் நின்றுபோனால் என்ன ஆகும்? குழாயில் உள்ள தண்ணீர் உறையும். தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். இரும்புக் குழாய்கூட வெடித்துவிடும்!

ஆகவே பழைய குழாய்களை மாற்றும் வேலையைக் கோடைக்காலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

முதலில் ஆற விடு

வேலையைத் தொடங்கும் முன் மின்சாரத்தையும் அடுப்பையும் நிறுத்தவேண்டும். பாய்லர் நன்றாக ஆறவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கை வெந்துவிடும்.

பிறகு, தண்ணீர் உள்ளே வரும் குழாயை மூடவேண்டும். பாய்லரின் அடியில் உள்ள குழாயில் ரப்பர் குழாயை மாட்டி, பழைய தண்ணீரை வெளியே விடவேண்டும். மாடியில் உள்ள ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து வைத்தால்தான் தண்ணீர் முழுவதும் இறங்கும்.

துருப்பிடித்த குழாய்களைக் கழற்றிப் புதுக்குழாய் போடலாம். பம்பையும் வால்வுகளையும் மாற்றலாம். இதுவரை இது சாதாரணக் குழாய் வேலை.

திறமை எல்லாம் இனிமேல்தான் தேவை. காலியான பாய்லரில் மறுபடி தண்ணீர் நிரப்பவேண்டுமே!

குடத்தில் நிரப்புவது போல அல்ல

தெருக்குழாய்த் தண்ணீர் வேகமாக வரும். அதை அப்படியே பாய்லருக்குள் விட்டால் அழுத்தம் மிஞ்சிவிடும். எனவே நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பாய்லர் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குத் திரும்பாதபடி தடுக்கும் வால்வும் உண்டு.

இரண்டு மாடி வீட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் போதும்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது?

தண்ணீரை 2.3 அடி உயரத்துக்கு ஏற்ற 1 பவுண்டு அழுத்தம் தேவை. மேல்மாடி ரேடியேட்டர் பாய்லரைவிட 18 அடி உயரத்தில் இருந்தால், 8 பவுண்டு வேண்டும். அதற்கு மேல் 4 பவுண்டு சேர்த்தால் 12. அந்த 4 பவுண்டு இருந்தால்தான், உச்சியில் உள்ள காற்றை வெளியே தள்ள முடியும்.

காற்றுதான் முதல் எதிரி. ரேடியேட்டரின் மேல்பகுதியில் காற்று சிக்கிக்கொண்டால், வெந்நீர் அங்கே ஏறாது. அடிப்பக்கம் சுடும். மேல்பக்கம் சில்லென்று இருக்கும். குழாயில் "களக் களக்" என்று சத்தம் கேட்கும்.

அதனால் மெதுவாக நிரப்பவேண்டும். பம்பை நிறுத்தி வைக்கவேண்டும். கீழ்த்தளத்தில் தொடங்கி, ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றுத் திருகைத் திறக்கவேண்டும். முதலில் "உஸ்" என்று காற்று வரும். பிறகு தண்ணீரும் காற்றும் கலந்து சிதறும். கடைசியில் தண்ணீர் மட்டும் சீராக வரும். உடனே திருகை மூடவேண்டும். கீழே முடித்த பிறகு மாடிக்குப் போகவேண்டும்.

சில நாள் பாய்லர் எரிந்ததும், இன்னொரு முறை காற்றை எடுக்கவேண்டும். தண்ணீர் சூடாகும்போது, அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து வரும்.

ஒன்றை மறக்கவே கூடாது. தண்ணீர் வற்றிச் சூடேறிக் கிடக்கும் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை விடக்கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அடுப்பை நிறுத்தி, ஆறிய பிறகே தண்ணீர் விடவேண்டும்.

3 லிட்டர் எங்கே போகும்?

தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால், ஏறக்குறைய 3 லிட்டர் கூடிவிடும்.

மூடிய குழாயில் அந்த 3 லிட்டர் எங்கே போகும்?

அதற்காகவே பாய்லர் பக்கத்தில் ஒரு சிறிய தொட்டி வைக்கிறார்கள். அதற்குள் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் காற்று. தண்ணீர் விரியும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும். குழாய்களைப் புதிதாகப் போடும்போது, இந்தத் தொட்டிக்கு அப்பால் தண்ணீரைத் தள்ளும்படி பம்பை வைத்தால், காற்றுத் தொல்லை குறையும்.

ரப்பர் கிழிந்துவிட்டால்? தொட்டி முழுவதும் தண்ணீர் நிறையும். விரியும் தண்ணீருக்கு இடம் இருக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

அப்போது உயிரைக் காப்பது பாதுகாப்பு வால்வு. வீட்டுப் பாய்லர்களில் இது பெரும்பாலும் 30 பவுண்டு அழுத்தத்தில் தானாகத் திறந்து, தண்ணீரை வெளியே விடும்.

இங்கேதான் சிலர் விபரீதமான காரியம் செய்கிறார்கள். "வால்வு சொட்டுகிறது, தரை நனைகிறது" என்று வால்வின் வாயை அடைத்துவிடுகிறார்கள்!

வால்வு சொட்டுவது நோய் அல்ல, நோயின் அறிகுறி. தொட்டி கெட்டிருக்கலாம். தண்ணீர் விடும் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். பாதுகாப்பு வால்வே பழுதாகியிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றவேண்டும். அடைப்பது தற்கொலைக்குச் சமம்.

ஏன் அவ்வளவு ஆபத்து?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பாய்லர் உடைந்தால் அழுத்தம் சட்டென்று விலகும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகும். ஆவி, தண்ணீரைப் போல சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வீட்டுச் சுவர் தாங்குமா?

58 பேரைப் பலி வாங்கிய பாய்லர்

இந்த உண்மையை மசாசூசெட்ஸ் மக்கள் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

1905-ம் ஆண்டு மார்ச் 20-ந்தேதி, பிராக்டன் நகரில் உள்ள குரோவர் காலணித் தொழிற்சாலையில் காலை வேலை தொடங்கியிருந்தது. அன்று ஒரு பழைய பாய்லரை ஓட்டினார்கள். அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. கட்டிடம் சரிந்தது. தீயும் பிடித்தது. 58 பேர் மாண்டார்கள்.

அது நீராவிப் பாய்லர். வீட்டுப் பாய்லரைவிடப் பெரியது. ஆனால், இரண்டிலும் அடைபட்டிருப்பது அதே சக்திதான்.

1907-ம் ஆண்டில் அந்த மாநிலம் பாய்லர்களுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. 1915-ம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் பாய்லர் விதிநூலை வெளியிட்டது. பாதுகாப்பு வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவில் அடைக்கும் குழாய் எதுவும் இருக்கக்கூடாது என்பது இன்று கண்டிப்பான விதி.

வீட்டுக்காரர் செய்யவேண்டியது

எரிவாயுக் குழாய் வேலையை உரிமம் பெற்றவர்களே செய்யவேண்டும் என்பது மசாசூசெட்ஸ் சட்டம். ஆனால், அழுத்தமானியைப் பார்க்க உரிமம் தேவை இல்லை. ஆறியிருக்கும்போது 12 பவுண்டு. சூட்டில் 20 பவுண்டு வரை ஏறலாம். 30-ஐ நெருங்கினால் ஆள் கூப்பிடவேண்டும்.

அடிக்கடி தண்ணீர் விடவேண்டியிருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீருடன் பிராண வாயுவும் உள்ளே போகும். இரும்பைத் துரு தின்றுவிடும்.

நமக்கும் உண்டு

1679-ம் ஆண்டில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்துச் சமைத்துக் காட்டினார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க அதில் ஒரு பாதுகாப்பு வால்வும் வைத்தார். நம் அடுப்பில் "உஸ்" என்று சத்தம் போடும் குக்கரின் மூதாதை அதுதான்.

குக்கர் வெயிட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. குளியலறையில் உள்ள தொட்டி கீஸரிலும் பாதுகாப்பு வால்வு உண்டு.

குக்கரின் ஆவித் துளையைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கீஸர் வால்வு சொட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். துணியைச் சுற்றியோ, ஆப்பு வைத்தோ அடைக்காதீர்கள்!