நீர்த்தாவரங்களின் உருவமும் வளர்ச்சியும்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஆலங்காயம் பகுதியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலையோடைகள் கொண்டுவரும் நீரையே ஏரிகள் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்நீர் மதகை அடையாதபடி சம்பும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்வதைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். சில வருஷங்களுக்கு முன், நீர் வற்றிய ஓர் ஏரியில் கோடையில் சம்பை அறுத்து எரித்துவிடும்படி யோசனை கூறினேன். ஊரார் பல நாள் உழைத்து அவ்விதமே செய்தார்கள். மழை பெய்ததும் சம்பு முன்னிலும் அடர்த்தியாக முளைத்தது. குற்றம் ஊராருடையதன்று, செடியின் உருவத்தைக் கவனியாது யோசனை கூறிய என்னுடையதே. ஆகவே அதனை இங்கு விளக்கலானேன்.

நீரில் சுவாசிக்கும் விதம்

பயிரின் வேருக்கும் பிராணவாயு வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் அது மிகக் குறைவு. ஆதலால் நீர்த்தாவரங்கள் இலை வழியாகக் காற்றை இழுத்து, தண்டினுள் அமைந்த குழல்களின் மூலம் வேருக்கு அனுப்புகின்றன. தாமரைத் தண்டு ஒன்றை அறுத்து, ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழிகள் எழுவதைக் காணலாம். நெல்லின் வேரிலும் இத்தகைய காற்றறைகள் உண்டு. தேங்கிய நீரில் கேழ்வரகு பழுத்து வாட, நெல் செழித்து நிற்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

நால்வகைச் செடிகள்

சம்பு, கோரை முதலியவை சேற்றில் வேரூன்றி நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பவை. ஆம்பல் சேற்றில் கிழங்கு வைத்து இலையை நீரின்மேல் பரப்புவது. அதன் சுவாசத் துவாரங்கள் இலையின் மேற்பக்கத்தில் இருக்கின்றன. வேலம்பாசி போன்றவை நீருக்குள்ளேயே வாழ்பவை. நீரே தாங்குவதால் அவற்றின் தண்டு மெலிந்தது. வெளியே எடுத்தால் துவண்டுவிடும். ஆகாயத்தாமரை வேரூன்றாது மிதப்பது.

சம்பு

இதன் உயிர் சேற்றினுள் படுத்து ஓடும் கிழங்குத் தண்டில் இருக்கிறது. வறண்ட ஏரியில் மேற்பாகத்தை எரித்தாலும் கிழங்கு சாவதில்லை. நீர் நிற்கும்போது மட்டத்துக்குக் கீழே அறுத்தால், அறுத்த முனைகளை நீர் மூடிக் காற்றுவழி அடைபடும். கிழங்கு மூச்சடைத்து அழுகும். உலர்ந்த பழைய தாள்களும் காற்றைக் கொண்டுசெல்லுமாதலால் அவற்றையும் விடலாகாது. ஏரிக்கு நீர் வரத் தொடங்கும் சமயத்தில் அடியொட்ட அறுத்தால், ஏறும் நீர் எஞ்சிய வேலையைச் செய்யும். கதிர் முற்றுமுன் அறுப்பது மிக அவசியம். ஒரு கதிரில் லட்சத்துக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. அவை காற்றில் பறந்து பரவும்.

ஆகாயத்தாமரை

இதன் தாயகம் தென் அமெரிக்கா. வங்காளத்தில் இதன் தொல்லையை ஒழிக்க 1936-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பஞ்சு போன்று உப்பிய இலைக்காம்பு இதனை மிதக்கச் செய்கிறது. தாய்ச்செடி பக்கக்கொடி விட்டு, அதன் நுனியில் குட்டிச்செடியை ஈனும். ஏற்ற நிலையில் இரண்டு வாரத்தில் இருமடங்காகும். அந்தக் கணக்குப்படி, ஒதுக்குப்புறத்தில் விட்டுவைத்த 10 செடிகள் 20 வாரத்தில் 10,240 ஆகும். விதைகளோ சேற்றில் பல வருஷங்கள் உயிரோடிருக்கும்.

ஆதலால் பூக்குமுன், கொடியும் குட்டியும் அறாதபடி வாரியெடுத்து, நீர்விளிம்புக்கு எட்டாத மேட்டில் உலர்த்தவேண்டும். இதனைத் தின்னும் கூன்வண்டுகள் 1982-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை மெதுவாகவே பலனளிப்பதால் கைவேலையைக் கைவிடலாகாது.

வாடிய செடியைச் சாணத்துடன் அடுக்கி மக்கவைத்தால் நல்ல எருவாகும். ஆனால் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்ததை எருவாக்கக் கூடாது; இச்செடி குரோமியம் முதலிய உலோகங்களை வேரில் சேர்த்துக்கொள்ளும்.

சம்புக்கு நீருக்கடியில் அரிவாள். ஆகாயத்தாமரைக்குக் குட்டி தப்பாத வலை. ஏரிக்கு நீர் வருமுன்பே ஊரார் கூடி நாள் குறித்துக்கொண்டால், உழைப்பு வீணாகாது, மதகும் அடைபடாது.