கியர் பெட்டி போய்விட்டதா? முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

கார் ஓட்டப் பழகும் நம் இளையர்களில் பலர் இப்போது ‘3ஏ’ பிரிவு உரிமத்தையே எடுக்கிறார்கள். தானியங்கி கியர் கொண்ட கார்களை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் உரிமம் அது. கிளட்ச் மிதிக்க வேண்டாம்; கியர் மாற்ற வேண்டாம். ‘டி’யில் போட்டால் வண்டி நகரும். ஒருநாள் ‘டி’யில் போட்டும் நகராவிட்டால்? அங்கேதான் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சிங்கப்பூரில் இது வெறும் பழுதுபார்ப்புப் பிரச்சினை அன்று. 1990ஆம் ஆண்டு முதல் இங்கு கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு காரைப் பதிவுநீக்கம் செய்யலாம். அல்லது அண்மைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்ட தொகையைச் செலுத்தி, மேலும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் உண்டு. அது 10 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 50 விழுக்காடு வரை உயரும்.

இத்தனையும் செலுத்திப் பழைய காரை வைத்திருக்கும் குடும்பத்திடம், “கியர் பெட்டி போய்விட்டது, முழுசா மாத்தணும்” என்று சொன்னால் அது பேரிடி. அந்த முடிவை ஏற்பதற்கு முன், செலவு குறைந்த சோதனையில் தொடங்கி வரிசையாக ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றில் மற்றொன்றும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால் அதுதான் ‘டார்க் கன்வெர்ட்டர்’. இயந்திரத்தின் சுழற்சியை அது கியர் பெட்டிக்குக் கடத்துகிறது. பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்தி, எந்தக் கியர் வேலை செய்ய வேண்டும் என்பதை நிறைவேற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. அந்த அழுத்தத்தைத் திறந்து மூடுபவை ‘சாலினாய்டு’ எனப்படும் சிறு மின்வால்வுகள். அவற்றுக்கு ஆணையிடுவது ஒரு கணினி.

பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர் பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1939ல் அறிமுகப்படுத்தியது. அன்று முதல் இன்று வரை அடிப்படை ஒன்றே: எண்ணெய்தான் உயிர்நாடி.

‘சிவிடி’ வகைக் கார்களில் படிப்படியான கியர்களுக்குப் பதிலாக இரு கப்பிகளும் ஒரு பட்டையும் வேலை செய்கின்றன. அவற்றுக்கான எண்ணெயும் வேறு. உங்கள் வீட்டுக் கார் எந்த வகை என்பதைப் பயனர் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சரியாக என்ன நடக்கிறது?

“வண்டி சரியில்லை” என்பது அறிகுறி ஆகாது. ‘டி’யில் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் நகர்கிறதா? பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போது இயந்திரச் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடாமல் இருக்கிறதா? விரைவுச்சாலையில் ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது நடுங்குகிறதா? ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுகிறது. முதலாவதுக்கு எண்ணெய் அழுத்தக் குறைவு காரணமாகலாம். இரண்டாவது, கிளட்ச் தட்டுகள் வழுக்குவதாக இருக்கலாம். மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு கிளட்சில் உள்ள கோளாறாக இருக்கலாம்.

குளிர்ந்த நிலையிலா, சூடான பிறகா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்று நின்று ஊர்ந்து செல்லும்போது கியர் எண்ணெய் நன்கு சூடேறும். சூடான எண்ணெய் நீர்த்துப்போவதால், காலையில் தலைகாட்டாத கோளாறு மாலையில் வெளிப்படும். பட்டறையில் குளிர்ந்த காரை ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லையே” என்று சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

2. எண்ணெய் எப்படி இருக்கிறது?

அளவுகோல் குச்சி உள்ள பெரும்பாலான கார்களில், சமதளத்தில், இயந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது அளவைப் பார்க்க வேண்டும். ஹோண்டா கார்கள் பலவற்றில் இயந்திரத்தை நிறுத்திய பிறகு பார்ப்பார்கள். எனவே கையேடு சொல்வதே முடிவு. குச்சியே இல்லாத கார்களுக்குப் பட்டறைதான் வழி. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடிப்பக்கத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வழக்கமான சிவப்பு எண்ணெய் பழுப்பாக மாறியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கலாம். பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே தண்ணீரோ குளிர்விப்பு நீரோ கலந்திருக்கக்கூடும். அப்போது காரை ஓட்டவே கூடாது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். எண்ணெய், இயந்திரத்தில் எரிபொருள் எரிவதைப்போல் செலவாகிற பொருள் அன்று.

3. கோளாறு கியர் பெட்டியில்தானா?

என் மாமாவின் 12 வயதுக் காரில் ‘ஆர்’இலிருந்து ‘டி’க்கு மாற்றும்போதெல்லாம் ‘டொக்’கென்று ஒரு குலுக்கல். ஒரு பட்டறையில் கியர் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். இன்னொரு பட்டறையில் முதலில் பார்த்தது, இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் ‘மவுண்ட்’டை. அது கிழிந்திருந்தது. அதை மாற்றியதும் குலுக்கல் நின்றது.

எல்லாக் கார்களிலும் இப்படி எளிதில் முடியாது. ஆனால், எளிதானதை முதலில் பார்ப்பதில் நட்டமில்லை. நடுக்கத்துக்கு ஸ்பார்க் பிளக் காரணமாக இருக்கலாம். தளர்ந்த மின்கலம் கணினியைக் குழப்பலாம். கியர் நெம்பு ‘பி’யைவிட்டு நகர மறுத்தால், பிரேக்கை மிதித்துப் பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால், பிரேக் மிதிக்கு மேலுள்ள சிறு சுவிட்ச்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. கணினி என்ன சொல்கிறது?

எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் உள்ள 16 ஊசித் துளையில் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்கலாம். ‘பி0700’ என்று வந்தால் பதற வேண்டாம். “கியர் கணினியிடம் ஒரு புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்” என்பதே அதன் பொருள். ‘பி0740’ என்றால் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு கிளட்ச் சம்பந்தப்பட்டது. குறியீடு சந்தேகத்துக்குரிய இடத்தைக் காட்டுமே தவிர, எந்த உதிரிப்பாகத்தை வாங்குவது என்று சொல்லாது. அறுந்த கம்பியும் அதே குறியீட்டைத் தரலாம். பழுதான சாலினாய்டும் தரலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

5. செலவு தகுமா?

இவ்வளவுக்கும் பிறகு, பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று தெரியவந்தால், அடுத்தது கணக்குப் பாடம். பழுதுபார்ப்புச் செலவைச் சான்றிதழில் எஞ்சியுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். செலவு 3,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 48 மாதங்கள் இருந்தால் மாதத்துக்கு 75 வெள்ளி. எட்டு மாதங்களே இருந்தால் 450 வெள்ளி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடியும் புதுப்பிக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். காரை முன்கூட்டியே பதிவுநீக்கம் செய்தால், பயன்படுத்தாத காலத்துக்கான சான்றிதழ்த் தொகையில் கழிவு கிடைக்கும். அதையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் கணக்கு முழுமை பெறும்.

இவற்றில் கவனிப்பது, எழுதி வைப்பது, குறியீட்டைப் படிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் மாணவர்கள் செய்யக்கூடியவை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றுவது குற்றம். அந்த வேலைகளைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ காரைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போது, நீங்களும் உடன் செல்லுங்கள். எப்போது, எந்த வேகத்தில், சூடான பிறகா என்ற குறிப்பைக் கையில் வைத்திருங்கள். “எண்ணெயைப் பார்த்தீர்களா? குறியீடு என்ன வந்தது? எதை அளந்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பழுதுபார்ப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எழுதி வந்த குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.