இலை கொட்டினால் மரம் செத்துப் போச்சா?



போன மாசி மாதம் நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புங்க மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. "மரம் பட்டுப் போச்சு, வெட்டுனா விறகுக்காவது ஆகும்" என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிழலில்தானே நாம் தினமும் சாப்பிடுகிறோம்! அறிவியல் டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டீச்சர் வந்து ஒரு சின்னக் கிளையை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார்கள். பட்டைக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தது. "உசுரோடதான் இருக்கு. கொஞ்ச நாள் பொறுங்க" என்றார்கள். பங்குனியில் மரம் முழுக்கப் பளபளவென்று தளிர் வந்துவிட்டது!

அப்படியானால் மரம் ஏன் இலையைக் கொட்டியது? டீச்சர் சொன்னதையும் நான் படித்ததையும் எழுதுகிறேன்.

1. ஜன்னலைச் சாத்தும்: இலையில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் உள்ளன. நீராவிப்போக்கு இவற்றின் வழியாகத்தான் நடக்கிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே காப்பு செல்கள் சுருங்கித் துளையை மூடிவிடும். தண்ணீர் மிச்சம். ஆனால் கார்பன் டை ஆக்ஸைடும் அதே வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அதனால் மூடியே வைத்திருந்தால் மரம் உணவு தயாரிக்க முடியாது.

2. இலையை உதிர்க்கும்: மண் ரொம்பக் காய்ந்த பிறகும் இலைகள் தண்ணீரை இழுத்தால் சைலம் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். கிணற்று மோட்டார் காற்று வாங்கிவிட்டால் தண்ணீர் ஏறாதல்லவா? அதே கதைதான். அதற்கு முன்பே மரம் பழைய இலைகளைக் கழற்றிவிடுகிறது. இது சாவு இல்லை, சிக்கனம்!

3. ஆழத்தில் தேடும்: வேம்பு, புங்கன் போன்ற மரங்களின் ஆணிவேர் ஆழமாகப் போகும். அந்த ஈரத்தை வைத்துத்தான் மழை வருவதற்கு முன்பே, கொளுத்தும் வெயிலில் தளிர் விடுகின்றன. சித்திரையில் வேப்பம்பூ பூப்பதும் இதனால்தான்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்போது எங்கள் தோட்டத்தில் பதினோரு தென்னை காய்ந்துபோனதாம். கிணற்று மேட்டு வேம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தாத்தா சொல்வார். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான்.

சரி, நம் ஊர் மரம் எல்லாவற்றையும் தாங்கும் என்று சும்மா இருந்துவிடலாமா? கூடாது! போன வருஷம் எங்கள் வகுப்பு நட்ட வேப்பங்கன்று மே மாத விடுமுறையில் காய்ந்துவிட்டது. வேம்புதானே, தானா வளரும் என்று நானும்தான் நினைத்தேன். சின்னக் கன்றுக்கு வேர் இன்னும் ஆழம் போயிருக்காது. பெரிய மரம் செய்கிற வித்தையைக் கன்று செய்ய முடியாது. அது எங்கள் தவறு.

ஆகவே இந்த வருஷம் மூன்று வேண்டுகோள்:

* மொட்டை மரத்தைப் பார்த்ததும் வெட்டச் சொல்லாதீர்கள். முதலில் பட்டையைக் கீறிப் பாருங்கள்.
* உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் கன்றைச் சுற்றிப் பரப்புங்கள். மண் ஈரம் சீக்கிரம் காயாது.
* பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் விடுமுறையில் முறை வைத்து ஆளுக்கு ஒரு குடம் ஊற்றலாம். முதல் வாரம் என் முறை. மற்ற வாரங்களுக்கு யார் யார் வருகிறீர்கள்? கீழே பெயர் எழுதுங்கள்.

மரம் தன்னைக் காக்கும், கன்றை நாம் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி