மலைச் சாலைக்கு மோட்டார் சைக்கிள்: ஏறுவதை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கேமரன்மலையில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு வேலைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, அவசரத்துக்குத் தாப்பாவுக்கு இறங்குவது என எல்லாம் அந்த ஒரு வண்டியில்தான். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சமதளத்தில் தொடங்கும் சாலை 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் போய் முடிகிறது.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “மலை ஏறுமா?” என்பதே. இன்று விற்கப்படும் கப்சாய் எதுவாக இருந்தாலும் ஏறும். கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி, பின்னால் ஓர் ஆளையும் கூடையில் சாமானையும் வைத்துக்கொண்டு மழையில் எப்படி இறங்கும் என்பது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் அது சூடேறும். டிரம் பிரேக்கில் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. லைனிங் காய்ந்து பிடிப்பு குறையும். கருகிய வாடை வரும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். டிஸ்க் பிரேக் காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். ஆகவே குறைந்தது முன்சக்கரத்திலாவது டிஸ்க் இருக்கும் வண்டியே மலைக்கு ஏற்றது. இதற்காகச் சில நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது. டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. கேமரன்மலை போன்ற ஈரமான இடத்தில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கியரில் வைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் கியரைக் குறைக்க வழியில்லை. வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருளத் தொடங்கும். பட்டணத்து நெரிசலுக்கு ஸ்கூட்டர் சுகமானதுதான். ஆனால் தினமும் மலை இறங்குபவருக்கு அது இரண்டாவது தேர்வாகவே இருக்க வேண்டும். அதன் சிறிய சக்கரங்களும் தோட்டத்துக் குழிகளுக்குள் எளிதாக இறங்கிவிடும்.

எண்ணெயை மிச்சப்படுத்துவதாக நினைத்து எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். இது ஆபத்து மட்டுமல்ல, லாபமும் இல்லை. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி த்ராட்டலை மூடி இறங்கினால், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

இந்த இன்ஜெக்‌ஷன் மலைக்கு இன்னொரு வகையிலும் உதவும். தானா ராத்தா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி அது தெரியாமல் கீழே கொடுத்த அளவுக்கே பெட்ரோலைக் கொடுத்து, புகைந்து, இழுவை இழக்கும். இன்ஜெக்‌ஷன் தானே அளவைச் சரிசெய்துகொள்ளும். குளிர்காலை ஐந்து மணிக்கும் எளிதில் ஸ்டார்ட் ஆகும்.

பெயர் சொல்லிக் கேட்டால், தனியாளாகப் போகிறவருக்கு ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற 110 சிசி வண்டி போதும். விலை குறைவு, உதிரிபாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். ஆனால் அதன் பிரேக் டிரம்தான். மனைவி, பிள்ளையோடு செல்பவருக்கு முன் டிஸ்க் உள்ள வேவ் 125 பொருத்தமானது. தினமும் தாப்பா வரை ஏறி இறங்குபவர் யமாஹா எல்சி135 வரை போகலாம். தண்ணீரால் குளிரும் எஞ்சின் நீண்ட ஏற்றத்தில் சூட்டைத் தாங்கும். 150 சிசி வண்டிகள் இளைஞர்களின் ஆசை. வேலைக்குப் போய்வர அவ்வளவு தேவையில்லை. விலையும் டயர் செலவும் கூடும், திருடர் கண்ணும் படும். இவை எல்லாவற்றையும் பி2 உரிமத்திலேயே ஓட்டலாம்.

இழுவை போதவில்லை என்றால் பெரிய வண்டிக்குத் தாவும் முன் பட்டறையில் ஸ்ப்ராக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் உச்ச வேகம் சற்றுக் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். செலவு மிகக் குறைவு.

தவணையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. மாதம் 200 வெள்ளி என்பது சிறிதாகத் தெரியும். 48 மாதத்துக்கு அது 9,600 வெள்ளி. முன்பணத்தையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர் அதைக் கடை வாசலில் சுற்றிப் பார்த்தால் போதாது. ஓர் இறக்கத்துக்குக் கொண்டுபோய், இரண்டாம் கியரில் விட்டு, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். காய்கறி லோரிகள் சிந்திய ஈரமண்ணில் அது பிடிக்காது. அப்படியானால் புது டயரின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.